மீதிப் படத்துக்கு ஒரு சீட்டு

என் கையெழுத்து முப்பதடி அகலம். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மயிலாப்பூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் போகிற வழியில் அப்போது இருந்த ஒரு தியேட்டரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே நான் எழுதியதைத் தரை டிக்கெட்டிலிருந்து பால்கனி வரை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் சத்தமாகப் படித்துக் காட்டினார். புத்தகம் எழுதுகிற எத்தனை பேருக்கு அந்த யோகம் வாய்த்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் பக்கத்துப் பழைய தியேட்டர்களைப் பற்றி மயிலாப்பூரில் ஒரு கூட்டம் நடந்தது. கட்டடக்கலை படித்த ஒரு பெண்தான் ஏற்பாடு. முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு. மூடிப்போன தியேட்டர்களின் சரித்திரத்தைத் தொகுக்கப் போகிறாளாம். அங்கே வேலை பார்த்தவர்களும் படம் பார்த்தவர்களும் வந்து பேச வேண்டும் என்று தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருந்தாள். நான் இப்போது ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். இரண்டு பஸ் மாறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பேசியவர் எந்தத் தியேட்டர் இப்போது என்னவாக இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். தி.நகரில் ஒன்று துணிக்கடையாகிவிட்டது, அடையாறு பக்கம் ஒன்று அடுக்குமாடி, எங்களுடையது கல்யாண மண்டபம். அடுத்தவர் எந்தத் தியேட்டரில் முதலில் ஏ.சி. வந்தது என்று பேசினார். அதற்கடுத்தவர் நாற்காலியின் மெத்தையைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. தியேட்டர் என்றால் கட்டடமும் நாற்காலியும்தானா? உள்ளே மனுஷர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை யாரோ கவனித்துக்கொண்டார்கள் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? என் முறை வருவதற்கு முன்பே எழுந்து போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையிலிருந்து ஆரம்பித்தேன். என் அப்பா தெற்கேயிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தவர். கடைக்கு விளம்பரமாக அந்தத் தியேட்டரில் இடைவேளையின்போது ஒரு ஸ்லைடு காட்டுவார்கள். கண்ணாடித் துண்டில் வர்ணத்தால் எழுதியது. ஒரு நாள் அம்மாவோடு படம் பார்க்கப் போனேன். திரையில் எங்கள் கடைப் பேர் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது, பக்கத்தில் வரைந்திருந்த குத்துவிளக்கு கத்தரிக்காய் மாதிரி இருந்தது. நான் நேராக மேனேஜர் அறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடியையும் தூரிகையையும் எடுத்து வைத்து, நீயே எழுதும்மா பார்க்கலாம் என்றார். எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை முதல் அங்கே எனக்கு ஒரு மேஜை போட்டுவிட்டார்கள்.

சினிமாக் கொட்டகையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கடைக்கு வந்த யாரோ ஸ்லைடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து குடம் வாங்க வந்தவர்களிடம்கூட, “எம் மவ எழுதுனதாக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் விளம்பர ஸ்லைடு நிதானமாக எழுதுகிற வேலை. என் உண்மையான உத்தியோகம் அவசர ஸ்லைடுதான் என்று கூட்டத்தில் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. படம் பார்க்க வந்தவரைத் தேடி வீட்டிலிருந்து யாராவது ஓடி வருவார்கள். இருட்டில் எழுநூறு பேரில் எப்படித் தேடுவது? வாசலில் இருக்கும் டிக்கெட் கிழிப்பவரிடம் விவரம் சொல்வார்கள், அவர் என்னிடம் வந்து சொல்வார். சிம்னி விளக்கின் மேல் பிடித்துக் கரியேற்றிய கண்ணாடிகள் என் மேஜையில் எப்போதும் தயாராக இருக்கும். அதில் ஒன்றை எடுத்துத் தையல் ஊசியால் கீறி எழுதுவேன். கரி வெளிச்சத்தை மறைக்கும், கீறிய எழுத்து மட்டும் வெளிச்சத்தை விடும். அதனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் என் எழுத்து மட்டும் வெள்ளையாக விழும். விரல் பட்டால் கரி அழிந்துவிடும், ஆகையால் மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரத்தில் காகிதம் ஒட்டி, மாடியில் ஆபரேட்டரிடம் கொடுக்க வேண்டும். விவரம் வாசலுக்கு வந்ததிலிருந்து திரையில் விழும்வரை ஐந்து நிமிஷத்துக்கு மேல் நான் எடுத்துக்கொண்டதில்லை.

இதற்கு மேனேஜர் வைத்திருந்த சட்டங்கள் உண்டு. காரணத்தை எழுதக் கூடாது. பிரசவமோ சாவோ, ஊரிலிருந்து விருந்தாளி வந்திருந்தாலோ, எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்தான்: “வெளியே வரவும்.” இருட்டில் முகம் தெரியாத கூட்டத்தின் நடுவில் ஒருவர் தன் கெட்ட சேதியைப் படிக்கக் கூடாது என்பார். ஸ்லைடு விழுந்ததும் மொத்தத் தியேட்டரும் திரும்பிப் பார்க்கும். ஆள் எழுந்ததும் வரிசை முழுக்க முழங்காலை மடக்கி வழிவிடும். விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த அரை நிமிஷம் சும்மா இருப்பார்கள்.

வெளியே வந்தவர் கையில் ஒரு சீட்டு கொடுப்போம். அதற்கு மீதிச் சீட்டு என்று பேர். பாதியில் எழுந்து போனவர் இன்னொரு நாள் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படம் பார்க்கலாம். அந்தப் படம் எங்களிடமிருந்து போய்விட்டால் திரும்ப வரும்போது பார்க்கலாம். மற்ற தியேட்டர்களில் இது கிடையாது. சீட்டில் அச்சடித்திருந்தது இவ்வளவுதான்: “இடைவேளைக்குப் பின் பாக்கி.” அதன் கீழே ஒவ்வொரு சீட்டிலும் நான் என் கையால் ஒரு வரி சேர்ப்பேன்: “எந்த நாளும் செல்லும்.” மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டுச் சீட்டையும் என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் மேஜையைத் தட்டிச் சொன்னேன்: “எங்கள் தியேட்டர் யாருக்கும் பாதிப் படம் பாக்கி வைத்ததில்லை.”

நல்ல கைத்தட்டல். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கப் போனேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“எனக்கு வெச்சிக்கீது.”

என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் விற்கிறவர். கூட்டம் நடத்திய பெண் அவரிடம்தான் மீன் வாங்குவாளாம், அவள் கூப்பிட்டுத்தான் வந்திருந்தார். எழுந்து நடந்து வந்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். பழுப்பேறி மடிப்பு மடிப்பாக உடைந்திருந்தது. தியேட்டரின் வட்ட முத்திரை பாதி அழிந்திருந்தது. ஆனால் கீழே என் எழுத்து நேற்றுப் போட்டது மாதிரி நின்றது: “எந்த நாளும் செல்லும்.”

தியேட்டரைத்தான் இடித்துவிட்டார்களே அக்கா, நான் என்ன செய்வேன் என்று எதையோ சொன்னேன்.

“தேட்டர இட்ச்சிட்டாங்கோ, சரி. எய்திக் குட்த்தது நீதானே? நீ கீற இல்ல?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சூடாகிவிட்டது.

டீ கொடுத்த நேரத்தில் அவரைப் பிடித்து உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டேன். அப்போது அவருக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம். சினிமா என்றால் மாமியாருக்கு ஆகாது. இவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, குப்பத்துப் பெண்கள் நாலு பேரோடு மத்தியானக் காட்சிக்கு வந்துவிட்டார். கதையில் கதாநாயகியின் புருஷன் வெளியூர் போயிருக்கிறான். அவளுக்கு ஒரு தந்தி வருகிறது. அவள் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், இடைவேளை விட்டுவிடுகிறார்கள். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்ததும் திரையில் ஸ்லைடு விழுந்தது. அவருக்கு அப்போது படிக்கத் தெரியாது. பக்கத்து வரிசையில் யாரோ சத்தமாகப் படித்தார்கள்: “நொச்சிக்குப்பம், கோயில் பின்தெரு, பெரிய வீட்டு மூத்த மருமகள் வெளியே வரவும்.”

அவர் புருஷன் அன்று கடலுக்குப் போயிருந்தான். அதற்கு மேல் யோசிக்க அவருக்கு ஒன்றும் இல்லை. எழுந்து ஓடினார். சேதி கொண்டுவந்தவன் சொல்லிவிட்டு அப்போதே சைக்கிளில் போய்விட்டிருந்தான். வாசலில் நான் கொடுத்த சீட்டை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, கடற்கரை வரை மாரில் அடித்துக்கொண்டே ஓடியிருக்கிறார். தெருவுக்குள் நுழைந்தால் புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறான். காற்று சரியில்லை என்று சீக்கிரமே திரும்பிவிட்டானாம். பக்கத்தில் மாமியார். எங்கேயிருந்துடி ஓடியாற என்று கேட்டதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

கோயில் பின்தெருவில் பெரிய வீடு என்று இரண்டு வீடுகளைச் சொல்வார்களாம். இரண்டிலும் மூத்த மருமகள் உண்டு. ஸ்லைடு அடுத்த வீட்டு மருமகளுக்கு. அவளும் இவரோடுதான் படம் பார்க்க வந்திருந்தாள். இவர் எழுந்து ஓடியதைப் பார்த்ததும் சேதி தனக்கில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். அவள் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருந்தது, அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

“அவ பாட்டு, சண்ட எல்லாம் பாத்துட்டு, சாவகாசமா போய்ப் புள்ளையும் பாத்தா. எனக்குப் படமும் போச்சு, மானமும் போச்சு” என்றார் அந்த அம்மாள்.

மாமியார் இருந்தவரை அவர் மறுபடி தியேட்டர் வாசலை மிதிக்க முடியவில்லை. மாமியாருக்கு நல்ல கெட்டி ஆயுசு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால் எங்கள் தியேட்டர் வாசலில் பூட்டுத் தொங்கியது. அதற்குப் பிறகு குப்பத்தில் வீடுகளை எடுத்துவிட்டு இவருக்கு ஊருக்கு வெளியே எங்கேயோ வீடு ஒதுக்கினார்கள். இப்போது அங்கிருந்து தினமும் விடிகாலை பஸ் பிடித்து வந்து, பழைய இடத்திலேயே மீன் விற்றுவிட்டுப் போகிறார். வீடு மாற்றும்போது எது தொலைந்தாலும் இந்தச் சீட்டு மட்டும் ரேஷன் கார்டோடு கூடவே போயிருக்கிறது.

அந்தப் படத்தை டி.வி.யில் பல தடவை போட்டார்களே அக்கா, பார்க்கவில்லையா என்று கேட்டேன். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அத்தப் போட்டா நான் ஆப் பண்ணிடுவேன். நீங்க காட்றேன்னு எய்திக் குட்த்துக்கீறீங்கோ. நான் டிவில பாத்துட்டா உங்க பேச்சு பொய்யாப் பூடாது?”

இத்தனை வருஷம் எங்கள் வாக்கை அவர்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார். நாங்கள் தியேட்டரை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டோம், மேனேஜர் இறந்துவிட்டார், நான் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். அவர் மட்டும் நாங்கள் பொய்யர்களாகிவிடக் கூடாது என்று டி.வி.யை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைக் கேட்டபிறகு என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஸ்லைடைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆண்களைக் கூப்பிட்டால் இனிஷியலோடு பேரை எழுதுவோம். பெண்களின் பேரைத் திரையில் எழுதுவதில்லை. நான் சேருவதற்கு முன் ஒரு தடவை எழுதி, எங்கள் வீட்டுப் பெண் பேரைச் சினிமாத் திரையில் ஊருக்கே காட்டிவிட்டீர்களா என்று குடும்பத்தோடு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து தெரு, வீடு, உறவுமுறை, அவ்வளவுதான். நானும் அதை ஏன் என்று கேட்கவில்லை. பேர் இல்லாமலே ஆளைச் சரியாக எழுப்பிவிடுவதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். மாட வீதிப் பக்கம் மூன்றாவது ஆத்து மாட்டுப்பொண் என்று எழுதினால்கூட ஆள் சரியாக எழுந்து வந்திருக்கிறது. ஒரு தடவை தை மாதத்தில், அடையாறு புதுப்பெண் வெளியே வரவும் என்று எழுதி ஐந்து பேர் எழுந்து வந்துவிட்டார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவின் கடைப் பேர் கொஞ்சம் சரிந்திருந்ததற்காக மேனேஜர் அறை வரை போய்ச் சண்டை பிடித்தவள் நான். பதினோரு வருஷத்தில் ஒரு பெண்ணின் பேரைக்கூட அந்தத் திரையில் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, என் மேல்தான். வேளச்சேரி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன், அந்த அம்மாளுக்கு மீதிப் படத்தைக் காட்டியாக வேண்டும். போனில் இல்லை, டி.வி.யில் இல்லை, அதே இடத்தில், பெரிய திரையில்.

கூட்டம் நடத்திய பெண்ணுக்கு மறுநாள் போன் செய்தேன். அவளுக்கு ஒரே உற்சாகம், படத்தை நான் தேடுகிறேன் என்றாள். இடத்துக்கு நான் போனேன். எங்கள் தியேட்டர் இருந்த இடத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு என் மருமகன் வயது இருக்கும். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்றேன். எதற்கு என்றான். இங்கே ஒரு படம் பாதியில் நிற்கிறது, அதை முடிக்க வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டு விஷயம், மாமியார் விஷயம், தந்தி விஷயம். கேட்டுக்கொண்டே இருந்தவன், தந்தியில் என்னதான் இருந்தது என்று கேட்டான். அன்னிக்கு வந்து பாரு தம்பி என்றேன். ஆடி மாதம் என்பதால் மண்டபம் காலியாகத்தான் இருந்தது. மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை பெண் படம் காட்டுவதற்கு ஒரு பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். எங்கள் திரையில் பாதிகூட வராது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு மீன் விற்கும் இடத்துக்குப் போய் அந்த அம்மாளின் பேரைக் கேட்டேன். அவர் சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

“பேரா? எல்லாருக்கும் மீன்காரம்மாதான்” என்றார். அந்த மீனைச் சீவி முடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே பேரைச் சொன்னார். அவருக்குப் படிக்க வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். புது வீடு ஒதுக்கியபோது கைநாட்டு வைக்கச் சொன்னார்களாம். இத்தனை வருஷம் இருந்த இடத்தை விட்டுக் கொடுக்கிறேன், அதையும் கட்டை விரலால் கொடுப்பேனா என்று கேட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து தன் பேரை மட்டும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேறு ஓர் எழுத்து தெரியாது. இதையெல்லாம் நான் எழுதப் போகிறேன், எழுதட்டுமா என்று கேட்டேன். கதையை எழுதிக்கோ, பேரைப் போடாதே என்றார்.

“பொஸ்தகத்துல வாணாம். திரையில போடு, போதும்.”

அதனால்தான் இங்கே அவர் பேர் இல்லை.

ஸ்லைடு எழுதும் வேலை கை மறந்திருக்கும் என்று பயந்தேன். சிம்னி விளக்குக்கு எங்கே போவது? பழைய போட்டோச் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சமையலறையில் கற்பூரத்தைக் கொளுத்தி மேலே பிடித்தேன். முதல் கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டது. இரண்டாவதில் அவசரப்பட்டு என் கட்டை விரலையே பதித்துவிட்டேன். புது டைல்ஸ் எல்லாம் கரியாகிறது என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது கண்ணாடியில் கரி பட்டுத் துணி மாதிரி ஒரே சீராகப் படிந்தது. ஊசியை எடுத்தேன். முதல் எழுத்தைக் கீறியதுமே தெரிந்துவிட்டது, கை எதையும் மறக்கவில்லை.

அந்த நாள் மத்தியானம் மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்போம். கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர், குப்பத்துப் பெண்கள், மண்டபத்துப் பையனும் அவன் அம்மாவும். அன்று நிம்மதியாக முழுப் படமும் பார்த்த அந்த அடுத்த வீட்டு மருமகளும் வந்திருந்தார். முடிவைச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷமும் அவருக்குத் தடை போட்டு வைத்திருந்தாராம் இந்த அம்மாள். தந்தியில என்ன இருந்துச்சின்னு வாய் வரைக்கும் வந்துடும்மா, அடக்கி அடக்கியே எனக்கு வயசாயிடுச்சு என்று அவர் என்னிடம் புலம்பினார்.

நம் அம்மாள் மட்டும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பச்சைப் புடவை, தலையில் இரண்டு முழம் கதம்பம். வாங்க அக்கா, ஆரம்பிக்கலாம் என்றேன். வெளியே போகச் சொல்லித்தானே அன்று எழுதினீர்கள், இப்போதும் எழுதிக் கூப்பிட்டால்தான் வருவேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்வதாக இருந்தேன்.

கூட்டம் நடத்திய பெண் என் கண்ணாடியை வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துத் தன் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். விளக்குகளை அணைக்கச் சொன்னேன். நான் வாசலுக்கு வந்து, டிக்கெட் கிழிப்பவர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டேன். கறுப்பான திரையில் என் எழுத்து வெள்ளையாக எழுந்தது. நொச்சிக்குப்பம் என்று ஒரு வரி. தெரு இல்லை, பெரிய வீடு இல்லை, மருமகள் இல்லை. அடுத்த வரியில் அவர் பேர், அவர்கள் என்ற மரியாதையோடு. அதன் கீழே நான் அதுவரை எந்தக் கண்ணாடியிலும் எழுதாத இரண்டு சொற்கள்: “உள்ளே வரவும்.”

பழக்கத்தில் யாரோ சத்தமாகப் படிக்கப் போனார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அவர் கதவருகில் வந்து நின்று திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டித் தன் பேரைத் தானே படித்து முடித்தார். வேறு எதையும் அவரால் படிக்க முடியாது, படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எங்கள் தியேட்டரில் செய்வது போலவே அதைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை அவர் கையில் கொடுத்தேன். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள். அவர் போய் அந்த அடுத்த வீட்டுத் தோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அந்தப் பெண் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தோ, இப்ப பிரிப்பா பாரு” என்றார் தோழியிடம், ஏதோ முழுப் படத்தையும் பார்த்தவர் அவர்தான் என்பது மாதிரி.

நான் கடைசி வரை உட்காரவில்லை, வாசலிலேயே நின்றேன். சீட்டின் இன்னொரு பாதி இப்போது என் பீரோவில் இருக்கிறது. எங்கள் தியேட்டர் யாருக்கும் பாதிப் படம் பாக்கி வைத்ததில்லை. இனி இதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வேன்.